பதினோராவது டிக்

வீட்டில் எல்லோரும் அவளை நட்டு என்றுதான் கூப்பிடுவார்கள். மூன்று வயதில் அப்பாவின் பெட்டியிலிருந்து ஒரு நட்டை எடுத்து விழுங்கப் பார்த்தாளாம். அன்றைக்கு ஒட்டிக்கொண்ட பெயர். இப்போது பதினோரு வயது. நட்டை விழுங்குவதை விட்டுவிட்டாள், முடுக்குவதோடு சரி.

முடுக்குவதற்கு வீட்டிலேயே ஒரு வண்டி இருந்தது. முன்னால் பார்த்தால் மோட்டார் சைக்கிள், பின்னால் பார்த்தால் கார்.

போன வருடம் அம்மாவின் வலது காலில் பலம் குறைந்துபோனது. பைக்கை நிறுத்தும்போது காலை ஊன்றித் தாங்க முடியவில்லை. அப்பா வெல்டர் ஆயிற்றே, சும்மா இருப்பாரா? பைக்கின் பின்சக்கரத்தைக் கழற்றிவிட்டு, பழைய காரின் இரண்டு சக்கரங்களைப் பொருத்தினார். கால் பிரேக்கைக் கைக்கு மாற்றினார். இனி காலை ஊன்றவே வேண்டாம். வண்டி தன்பாட்டில் நிற்கும்.

அம்மா திரைச்சீலை தைப்பவர். தைத்ததை வீடு வீடாகக் கொண்டுபோய் மாட்டிவிட்டு வருவார். வண்டி இல்லாமல் எட்டு மாதம் வீட்டுக்குள்ளேயே கிடந்தார். மூன்று சக்கரம் வந்த அன்று தெருவை ஐந்து சுற்று சுற்றினார். சாப்பிட உட்கார்ந்தபோதுதான் ஹெல்மெட்டைக் கழற்றினார்!

ஒரே ஒரு தொல்லை. எந்தக் கடையிலும் அந்த வண்டியைத் தொடமாட்டேன் என்றார்கள். "இது பைக்கா, காரா? முதல்ல அதைச் சொல்லுங்க" என்று பஞ்சர் கடைக்காரர் தலையைச் சொறிந்தார்.

அதனால் ஞாயிற்றுக்கிழமை காலையில் வீட்டு வாசலிலேயே பராமரிப்பு நடக்கும். என்னென்ன பார்க்க வேண்டும் என்று அப்பா எழுதி, அலமாரிக் கதவின் உட்புறம் ஒட்டியிருந்தார். செயினுக்கு எண்ணெய், பிரேக் கம்பி, விளக்குகள் என்று மொத்தம் பதினொன்று. பத்தாவது வலது டயர். பதினோராவது இடது டயர். வேலையைச் செய்வதும், எதிரே டிக் அடிப்பதும் நட்டுவின் பொறுப்பு.

அதிலும் அந்த இடது டயர் இருக்கிறதே, பிடிவாதம் பிடித்த டயர்! வாரத்தில் பாதிக் காற்றை எங்கேயோ விட்டுவிடும். தண்ணீரில் முக்கிப் பார்த்தாலும் ஓட்டை தெரியாது. கார் டயர் தடிமனாக இருப்பதால் காற்று குறைந்தாலும் கண்ணுக்குத் தெரியாது. மீட்டரை வைத்து அளந்தால்தான் உண்டு.

அந்த ஞாயிற்றுக்கிழமை இன்னொரு விசேஷம். அப்பா வண்டியின் பின்னால் புதுப் பெட்டி ஒன்றைப் பொருத்தியிருந்தார். மூடி போட்டது, மழைக்கு நனையாதது. அப்பா அதையே சுற்றிச் சுற்றி வந்து ரசித்துக்கொண்டிருந்தார்.

நட்டு வலது டயருக்குக் கால் பம்பால் காற்று அடித்தாள். மீட்டர் இருபத்துநான்கு காட்டியது. பம்பைத் தூக்கிக்கொண்டு இடது பக்கம் வந்தாள். அப்போது பார்த்தா எதிர்வீட்டு வாலு ஓடிவர வேண்டும்?

"நட்டு, சீக்கிரம் வா! எங்க பூனை குட்டி போட்டிருக்கு. நாலு! ஒண்ணுக்கு மீசை மட்டும் கறுப்பு!"

கறுப்பு மீசை! நட்டு அலமாரியைத் திறந்தாள். பத்தாவதுக்கு டிக். பதினோராவதுக்கும் டிக். வந்து அடித்துக்கொள்ளலாம் என்று நினைத்தபடியே ஓடினாள்.

வந்தாள். ஆனால் அடிக்கவில்லை. மறந்தே போனாள்.

மறுநாள் சாயங்காலம் பள்ளிக்கூடத்திலிருந்து திரும்பியபோது வீடு அமைதியாக இருந்தது. தையல் மெஷின் சத்தம் இல்லை. அம்மா நாற்காலியில் உட்கார்ந்து தன் இரண்டு கைகளையும் மடியில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"என்னம்மா ஆச்சு?"

"வளைவுல வண்டி இடது பக்கமா இழுத்துக்கிட்டே போச்சு. என்னால திருப்ப முடியல. செடிக்கடை அத்தையோட தொட்டி மூணு உடைஞ்சு போச்சு."

"உனக்கு அடி பட்டுச்சா?"

"எனக்கு ஒண்ணும் இல்ல. கைதான் சரியில்ல போல. கால்ல ஆரம்பிச்சது கைக்கும் வந்துடுச்சோ என்னவோ."

அப்பா வாசலில் ஸ்பேனரோடு நின்றார். "கையும் இல்ல, காலும் இல்ல. எல்லாம் என் பெட்டியாலதான். கோணலா வெல்டு வெச்சிருப்பேன். கழட்டித் தூக்கிப் போடுறேன் பாரு."

பிறகு அவரே நெற்றியைச் சுருக்கினார். "ஒருவேளை டயரா இருக்குமோ?"

நட்டுவுக்கு அப்போதுதான் இடது டயர் நினைவுக்கு வந்தது.

அப்பா டயர் பக்கம் போகவே இல்லை. நேராக அலமாரியைத் திறந்து காகிதத்தைப் பார்த்தார். "டயர் இல்ல. டிக் இருக்கு."

"நட்டு டிக் அடிச்சிருந்தா சரியாத்தான் இருக்கும்" என்றார் அம்மா.

நட்டுவின் காது இரண்டும் கொதித்தன. சொல்லிவிட வேண்டும் என்று வாயைத் திறந்தாள். "எனக்குப் பசிக்குது" என்று வந்தது. பசியே இல்லை, அதுதான் வேடிக்கை.

பெற்றோர் உள்ளே பேசிக்கொண்டிருந்தபோது, மீட்டரை எடுத்துக்கொண்டு மெதுவாக வாசலுக்குப் போனாள். இடது டயரில் வைத்தாள். பதின்மூன்று. வலதில் பாதிக்குக் கொஞ்சம்தான் மேலே!

சத்தம் வராமல் பம்பை மிதித்தாள். பதினாறு, இருபது, இருபத்துநான்கு. அப்பாடா! வண்டி சரியாகிவிட்டது. யாருக்கும் தெரியாது. இனி அம்மா ஓட்டினால் நேராகப் போகும், எல்லாம் முடிந்தது என்று பெருமூச்சு விட்டாள்.

முடிந்ததா? அங்கேதான் வந்தது வினை.

செவ்வாய்க்கிழமை காலையில், பெட்டியைக் கழற்றுவதற்கு முன், அப்பா வண்டியை எடுத்துக்கொண்டு தெருக்கோடி வரை போய்த் திரும்பினார். நூல் பிடித்தது போல் நேராக வந்தது. இன்னொரு சுற்றும் போனார். அதுவும் நேர்தான்.

"பெட்டி கோணல் இல்ல. வண்டி சுத்தமா இருக்கு" என்றார். குரலில் சந்தோஷம் இல்லை.

அம்மா தலையை ஆட்டினார். "அப்ப என் கைதான்." ஹெல்மெட்டை எடுத்து, தூசு தட்டி, அலமாரியின் மேல்தட்டில் வைத்தார். "வண்டியை யாராவது கேட்டா கொடுத்துடலாம். இன்னிக்குத் தொட்டி. நாளைக்கு ஒரு குழந்தை குறுக்கே வந்தா?"

அந்த மேல்தட்டு அம்மாவுக்கு எட்டாது. நாற்காலி போட்டு ஏறி வைத்தார்.

நட்டு அன்று பள்ளிக்கூடத்துக்குப் போனாள் என்றுதான் பேர். கணக்கு டீச்சர் கேட்ட கேள்விக்கு "பதின்மூன்று" என்றாள். விடை நாற்பது. வகுப்பு சிரித்தது. அது ஒரு வெட்கமே இல்லை. உள்ளே உட்கார்ந்திருந்த வெட்கத்துக்கு முன்னால் அதெல்லாம் எம்மாத்திரம்?

ஒரு பொய் டிக் அடித்தாள். அதை மறைக்கப் போய், அம்மாவின் கைமேல் பழியைப் போட்டுவிட்டாள். பூனைக்குட்டியின் மீசையை நினைத்தாலே அழுகை வந்தது.

சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும் பையைக் கூடக் கழற்றாமல் சொன்னாள். "தப்பு என்னோடது. ஞாயிற்றுக்கிழமை நான் இடது டயருக்குக் காத்து அடிக்கவே இல்ல. அடிக்காமலே டிக் போட்டுட்டேன்."

அம்மா அவளை இழுத்து அணைத்துக்கொண்டார். "அம்மா வருத்தப்படக் கூடாதுன்னு இப்படிச் சொல்றியா, என் செல்லமே!"

"இல்லம்மா, நிஜமா!"

"நான்தான் காலையில ஓட்டிப் பார்த்தேனே நட்டு, நேராத்தானே போச்சு" என்றார் அப்பா.

"நேத்து சாயங்காலம் யாருக்கும் தெரியாம அடிச்சுட்டேன்பா. அதான் நேரா போச்சு!"

"நீயாவது, அடிக்காம டிக் போடுறதாவது!" என்று அம்மா அவள் தலையைத் தடவினார். "போ, முகம் கழுவிட்டு வா."

அடப் பாவமே! பொய் சொன்னபோது நம்பினார்கள். உண்மையைச் சொன்னால் நம்ப மாட்டேன் என்கிறார்கள். அடி விழுந்திருந்தால் கூட இவ்வளவு வலித்திருக்காது. அந்தத் தடவலைத்தான் தாங்க முடியவில்லை.

நட்டு முகம் கழுவப் போகவில்லை. வாசலுக்குப் போய், இடது டயரின் வால்வு மூடியைத் திருகி எடுத்து, உள்ளே இருந்த ஊசியை அழுத்தினாள். உஸ்ஸ்ஸ்! மீட்டர் வைத்தாள். பதினெட்டு. மறுபடியும் உஸ்ஸ்ஸ். பதின்மூன்று. நிறுத்தினாள்.

அம்மா திங்கட்கிழமை கொண்டுபோய்த் திரும்பக் கொண்டுவந்த அதே துணிக்கட்டுகளைத் தூக்கிவந்து புதுப் பெட்டியில் அடுக்கினாள். பிறகு உள்ளே பார்த்துக் கூப்பிட்டாள்.

"அப்பா, இப்ப ஓட்டிப் பாருங்க. ரொம்ப மெதுவா."

அப்பா சிரித்துக்கொண்டே வந்தார். வெல்டிங் பிடித்துப் பிடித்து உரமேறிய கைகள். "இந்தக் கையையா வண்டி இழுக்கும்? பார்த்துடலாம்."

புறப்பட்டார். வண்டி மெல்ல இடது பக்கம் போனது. வலது பக்கம் திருப்பினார். வண்டி இடது பக்கமே போனது. வளைவு வந்தது. மோட்டார் சைக்கிள் என்றால் உடம்பைச் சாய்த்துத் திருப்பலாம். இது சாயாதே! அப்பா இரண்டு கையாலும் ஹேண்டிலைப் பிடித்துத் தள்ளினார்.

"ஏய்... ஏய்... ஏய்ய்!"

கீச்சென்று பிரேக் பிடித்தது. ரோஜாத் தொட்டிக்கு ஒரு சாண் முன்னால் வண்டி நின்றது.

செடிக்கடை அத்தை இடுப்பில் கை வைத்தபடி வெளியே வந்தார். "நேத்து பொண்டாட்டி. இன்னிக்குப் புருஷன். என் தொட்டி மேல உங்க குடும்பத்துக்கு அப்படி என்னங்க கோபம்?"

அப்பா வண்டியை அணைத்தார். இறங்கி வந்து, தன் கைகளைப் பார்த்தார். பிறகு வாசலில் நின்ற அம்மாவின் கைகளைப் பார்த்தார்.

"என் கையையே இழுத்துடுச்சு" என்றார்.

அம்மாவுக்குப் புரிந்துவிட்டது. நட்டு அம்மாவின் முகத்தைப் பார்க்காமல் தரையைப் பார்த்தாள். இப்போது திட்டு விழும். விழட்டும் என்று நின்றாள்.

திட்டு விழவில்லை. அம்மா தன் கைகளை விரித்துக் காட்டினார்.

"ரெண்டு நாளா என் கையையே பார்த்துக்கிட்டு உட்கார்ந்திருந்தேன், நட்டு. இனிமே ஊசியில நூல் கோக்க முடியுமான்னு நினைச்சேன்."

நட்டுவால் அதற்கு மேல் நிற்க முடியவில்லை. அப்படியே படியில் உட்கார்ந்து, முழங்காலுக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டு அழுதாள். "நேத்தே சொல்லியிருக்கணும்மா. பயமா இல்ல. வெட்கமா இருந்துச்சு."

அம்மாவும் கஷ்டப்பட்டுக் காலை மடக்கி அவள் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"சரி, எழுந்திரு" என்றார் அம்மா. "என் ஹெல்மெட்டை இறக்கிக் கொடு. நாற்காலி போட்டு ஏத்தினது நான். இறக்கறது நீ."

நட்டு இறக்கிக் கொடுத்தாள். பிறகு பம்பை மிதித்தாள். இருபத்துநான்கு.

அடுத்த நாள் செடிக்கடைக்குத் தனியாகப் போனாள். நடந்ததை அத்தையிடம் ஒன்று விடாமல் சொன்னாள். அத்தை மண் கிடந்த மூலையைக் காட்டினார்.

"உடைஞ்ச தொட்டியில இருந்த கள்ளிச் செடி மூணும் அங்க கிடக்குது. புதுத் தொட்டியில நட்டுட்டுப் போ. முள்ளு குத்தினா கத்தக் கூடாது."

குத்தியது. எட்டு இடத்தில். நட்டு கத்தவில்லை.

ஞாயிற்றுக்கிழமை வந்தது. நட்டு ஒன்பது வேலையை முடித்து ஒன்பது டிக் அடித்தாள். வலது டயர். டிக். இடது டயருக்கு அளந்தாள், அடித்தாள், மறுபடி அளந்தாள், இன்னொரு தடவையும் அளந்தாள். பேனாவைக் கையில் எடுத்தவள் அப்படியே நின்றாள்.

"அம்மா, இதுக்கு நீயே டிக் போட்டுடேன்."

அம்மா ஹெல்மெட் மாட்டிக்கொண்டிருந்தார். "நீ அளந்தியா?"

"அளந்தேன்."

"அப்புறம் நான் எதுக்கு?"

அம்மா அலமாரிப் பக்கம் திரும்பவே இல்லை. டயரையும் குனிந்து பார்க்கவில்லை. வண்டியில் ஏறி உட்கார்ந்து, ஹேண்டிலில் இரண்டு கைகளையும் வைத்தார். நட்டு பதினோராவது டிக்கைப் பேனா அழுந்தப் போட்டுவிட்டு வாசலுக்கு ஓடினாள்.

வண்டி தெருவில் இறங்கியது. சத்தம் கேட்டதும் செடிக்கடை அத்தை பதறிப்போய் ரோஜாத் தொட்டியைத் தூக்கி மார்போடு அணைத்துக்கொண்டார். வண்டி வளைவுக்கு வந்தது. அம்மா திருப்பினார். திரும்பியது. கடையைத் தாண்டி நேராகப் போய்க்கொண்டே இருந்தது.

அத்தை வண்டியைப் பார்த்தார். வாசலில் நின்ற நட்டுவைப் பார்த்தார். பிறகு, தூக்கிய தொட்டியை இருந்த இடத்திலேயே, சாலையோரமாகவே, வைத்தார்.