காலடி விழுந்த வழி

செவ்வாய்க்கிழமை காலை ஆறு மணிக்குத் தடம்போடி இயந்திரம் தெருவுக்குள் வந்து, பெரியாஸ்பத்திரிக்குப் போகும் தண்டவாளத்தைப் பாய்போலச் சுருட்டத் தொடங்கியது.

பாளையங்கோட்டைத் தெருக்களின் அடியில் பதித்திருந்த மிதியுணரிகள், ஆட்களின் காலடியை எண்ணும். ரயிலேறிப் போவது கணக்கில் சேராது. எந்த வழியில் காலடி அதிகமோ, ஆறு மாதத்துக்கு ஒருமுறை தடம்போடி அங்கே சிற்றிரயில் பாதையை விரிக்கும். இருக்கிற தண்டவாளம் கொஞ்சம்தான். ஓரிடத்தில் எடுத்துத்தான் இன்னோரிடத்தில் போடவேண்டும். யார் சிபாரிசும் செல்லாது என்பதில் ஊருக்கு ஏகப் பெருமை.

ஆஸ்பத்திரிப் பாதை தெருக்காரர்கள் நடந்தே வாங்கியது. கோயில் மண்டகப்படி மாதிரி வீட்டுக்கொரு நாள் முறைவைத்து நடந்தார்கள். முறை எழுதியவள் சவரிராயனின் மனைவி ஜெசிந்தாள். வராதவர்களின் நாளையும் அவளே நடந்து தீர்த்தாள். பாதை வந்த மாதமே மாரடைப்பில் போய்விட்டாள்.

ரயில் வந்தபிறகு யாரும் நடக்கவில்லை. சவரிராயன் மட்டும் தினமும் மாலையில் ஊருக்குத் தெற்கே அவள் கல்லறைக்கு நடந்துபோய் வந்தார். மிதியுணரிகளுக்குக் கிடைத்த காலடி அது ஒன்றுதான். அந்தச் செவ்வாய்க்கிழமை சுருட்டிய ஆஸ்பத்திரித் தண்டவாளத்தைத் தடம்போடி கல்லறைத் தோட்டத்து வாசல்வரை கொண்டுபோய் விரித்தது.

பொண்டாட்டிக்கு ரயிலே விட்டுவிட்டார் என்று டீக்கடையில் சிரித்தார்கள். பக்கத்து வீட்டுத் தங்கபுஷ்பம் சிரிக்கவில்லை. ரத்தம் சுத்திகரிக்க வாரம் மூன்று தடவை அவள் ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டும். மகனின் பைக்கில் போய்வந்தால் மறுநாள் எழுந்திருக்க முடியாது.

"அண்ணாச்சி, கேக்கக் கூடாததக் கேக்கேன். நீங்க ஆஸ்பத்திரிப் பக்கமா நடங்க."

மறுபடி முறை எழுதினார்கள். முதல் வாரம் தெருவே நடந்தது. இரண்டாம் வாரம் ஒருவர் வீட்டில் கல்யாணம், இன்னொருவருக்குக் குதிகால் வலி.

சவரிராயனின் முழங்கால் நாளைக்கு ஒரு நடைதான் தாங்கும். அதை ஆஸ்பத்திரிக்கு நடந்தார். கல்லறைக்கு, பாதை இருந்தவரை, காலிப் பெட்டியில் தனியாகப் போய்வந்தார். ஆறு மாதம் கழித்துத் தடம்போடி அந்தப் பாதையையும் சுருட்டி, பழைய இடத்துக்குக் கொண்டுவந்தது.

இப்போது ஆஸ்பத்திரி ரயிலில் நிற்க இடமில்லை. சவரிராயன் அதன் ஓரமாக நடக்கிறார். கல்லறைக்குப் போய் நான்கு மாதமாகிறது.

"இன்னைக்கு ஒரு நாளாச்சும் ஏறுங்க அண்ணாச்சி," என்றாள் தங்கபுஷ்பம் ஜன்னலிலிருந்து. "வெயிலு சுள்ளுன்னு அடிக்கி."

"ஒரு நாளைக்குன்னுதான் தாயி எல்லாரும் ஏறுனோம்," என்றார் அவர், நிற்காமல்.