முள்காட்டுச் சிவப்பு ரிப்பன்

யாரைப் பார்த்தாலும் சந்தேகம், எதைக் கேட்டாலும் சந்தேகம். அதனால்தான் வீட்டில் அவளுக்குத் 'துருவி' என்று பேர்.

அன்று மாலை, பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் இருந்த முள்காட்டில் ஓர் அக்கா தனியாகச் சுற்றிக்கொண்டிருந்தாள். ஒரு மரத்தைத் தடவிப் பார்த்துச் சிவப்பு ரிப்பன் கட்டினாள். அடுத்ததை விட்டுவிட்டு அதற்கடுத்த மரத்தில் கட்டினாள்.

'முழியே சரியில்லையே' என்று நினைத்தாள் துருவி. சிவப்பு என்றால் ஆபத்து. அப்படியானால் இவையெல்லாம் வெட்டப்போகிற மரங்கள். தூக்கணாங்குருவிக் கூடு தொங்கிய மரத்திலும் ரிப்பன் இருந்தது. கூட்டுக்குள் குஞ்சுகள் கீச்சிட்டன.

அக்கா போனதும் துருவி எல்லா ரிப்பன்களையும் அவிழ்த்துப் பையில் திணித்துக்கொண்டாள். 'யார்கிட்ட?' என்று பெருமை வேறு.

மறுநாள் காலை மரம் சாய்க்கும் பெரிய வண்டி வந்தது. துருவி ஓட்டுநரை மேலும் கீழும் பார்த்தாள்.

"எந்த மரத்த மாமா வெட்டப் போறீங்க?"

"சீமைக் கருவேலத்த மட்டும்தான். அது வேற எந்தச் செடியையும் தலையெடுக்க விடாது. நாட்டு வேலமரத்துல எல்லாம் வனத்துறை மேடம் ரிப்பன் கட்டியிருக்காங்களாம். அதத் தொடக்கூடாது." அவர் சுற்றிலும் பார்த்தார். "ஒண்ணையும் காணோமே. அப்ப எல்லாத்தையும் எடுத்துட வேண்டியதுதான்."

துருவி ஓடிப்போய் வண்டிக்கு முன்னால் நின்றாள்.

"மாமா, நான்தான் அவிழ்த்தேன். தப்பா நினைச்சுட்டேன். கொஞ்சம் பொறுங்க, திரும்பக் கட்டிடறேன்."

"எது எதுன்னு தெரியுமா உனக்கு? எனக்கு எல்லாம் ஒரே முள்ளாத்தான் தெரியுது."

உண்மையில் அவளுக்கும் அப்படித்தான் தெரிந்தது. ஆனால் கூடு தொங்கிய மரத்தில் ரிப்பன் இருந்தது நிச்சயம். அதை நன்றாக உற்றுப் பார்த்தாள். பூக்கள் குட்டிக் குட்டி மஞ்சள் உருண்டைகள். காய்கள் மணி கோத்தது போல இருந்தன. பக்கத்து மரத்தில் பூ வால் மாதிரி நீளமாகத் தொங்கியது. அதில் ரிப்பன் இருக்கவில்லை.

உருண்டைப் பூ பூத்த மரங்களுக்கெல்லாம் ஓடி ஓடிக் கட்டினாள். கையில் ஒரு ரிப்பன் மிஞ்சியது. அது எதில் இருந்திருக்கும் என்று பூவே இல்லாத மரங்களில் தேடினாள். கடைசியில் நின்ற வெள்ளைப் பட்டை மரத்தின் முள்ளில் ஒரு சிவப்பு நூல் சிக்கியிருந்தது. அங்கே கட்டிவிட்டுத்தான் மூச்சு விட்டாள்.

அதற்குள் அந்த அக்கா வந்துவிட்டாள். ஓட்டுநர் நடந்ததைச் சொன்னார். அக்கா ஒவ்வொரு மரமாகப் போய் முடிச்சை இழுத்துப் பார்த்தாள்.

"பூக்காத இந்த வெள்வேலத்தக்கூட விடல. எல்லாம் சரியாத்தான் இருக்கு," என்றவள், துருவியை ஒரு மாதிரி பார்த்தாள். "நான் அந்தப் பக்கம் போனதும் மறுபடி அவிழ்த்துட மாட்டியே?"

துருவிக்கு ரோஷம் வந்துவிட்டது. "என்னப் போயா சந்தேகப்படுறீங்க, அக்கா?"

வண்டி வேலையை முடித்துக் கிளம்பும்வரை அவள் வீட்டுக்குப் போகவில்லை. வேலி ஓரமாக நின்று, குருவிக்கூட்டின் மேல் ஒரு கண்ணும் ஓட்டுநர் மாமாவின் மேல் ஒரு கண்ணுமாகப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.