இறக்கிவிட்ட கண்ணாடி

சிங்கமீனின் விஷ முட்களைக் கத்தரிக்கோலால் நறுக்கிக்கொண்டிருந்த கிளாரெண்டா, வாசலில் இஜபெலின் முகத்தைப் பார்த்ததும் கத்தரிக்கோலைக் கீழே வைத்தாள். இருபத்திரண்டு வருடம் போனேர் தீவின் கடல் பூங்காவில் காவலராக இருந்து, ஆழம் காதைத் தின்றுவிட்டதால் கரையேறியவள் கிளாரெண்டா. அவள் சமையலறையில் பாதி நாளைக் கழிக்கும் டாக்ஸிக்காரன் நோலி, யாரும் கேட்காமலேயே தன்னை அவளுக்கு உதவியாளனாக நியமித்துக்கொண்டவன். அவன் அவசரமாக நாற்காலியை இழுத்துப் போட்டான்.

இஜபெல் உட்காரவில்லை. "என் காத்துதான் அவனைக் கொன்னுச்சாம்," என்றாள்.

முக்குளிப்பவர்களுக்குக் காற்று சிலிண்டர் நிரப்பிக் கொடுப்பது அவள் தொழில். யோஸ்ட் என்ற டச்சுக்காரன், எட்டு மாதமாகத் தீவில் கடலடிப் படம் எடுப்பவன், முந்தாநாள் மாலை அவளிடம் சிலிண்டர் வாங்கிப் போயிருந்தான். நேற்று விடியலில் தனியாகக் கழுதைத் துறையில் இறங்கினானாம். திரும்பவில்லை. அவனுடைய பிக்கப் வண்டி மட்டும் கரையில் நிற்கிறது.

"இறங்கினதை யார் பாத்தா?"

"ருட்சல். யோஸ்டோட படகுப் பங்காளி. ஆறு மணிக்குப் படகுல அந்தப் பக்கம் போனானாம். வண்டி நின்னுச்சாம், யோஸ்ட் தண்ணியில இறங்கிட்டிருந்தானாம். சிலிண்டர் காத்துல எண்ணெய் வாடை அடிக்குதுன்னு ருட்சல்கிட்ட கத்திச் சொன்னானாம். காத்து நிரப்புற என் மிஷினுக்கு சீல் வெச்சுட்டாங்க அக்கா. நாளைக்குக் காலையில என்னையும் கூட்டிட்டுப் போயிடுவாங்க."

"எண்ணெய் வாடை அடிச்சுதா?"

"தெரியல அக்கா," என்றாள் இஜபெல்.

தெரியாது என்பது நல்ல பதிலாக நோலிக்குப் படவில்லை. பேச்சை மாற்றுவதற்காக, "பாவம் அந்த யோஸ்ட். ஞாபகம் இருக்கா? வந்த புதுசுல நம்மாளுங்க மாதிரியே வண்டிக் கண்ணாடிய இறக்கிவிட்டு முக்குளிக்கப் போனான். ஆடு தலைய விட்டு அவன் தொப்பியத் தின்னுடுச்சு!" என்றான்.

"அதுக்கப்புறம் மூடிப் பூட்டினான், திருடன் கண்ணாடிய உடைச்சான்," என்றாள் இஜபெல். "அப்பவும் கேக்கல. திருடனை மன்னிப்பேன், ஆட்டை மன்னிக்க மாட்டேன்னான். முந்தாநாள் சிரிக்கக்கூட இல்ல. திருட்டுத்தனமா ஆமை வெட்டுறவனைப் படம் புடிச்சுட்டேன், திங்கக்கிழமை பூங்கா ஆபீஸ்ல குடுக்கப்போறேன்னான். யாருன்னு கேட்டேன். சொல்லல."

கிளாரெண்டா கையைக் கழுவினாள். "நோலி, வண்டிய எடு."

கழுதைத் துறையில் ஈ காக்கை இல்லை. வழக்கமாக அந்த மஞ்சள் கல்லுக்குப் பக்கத்தில் ஐந்தாறு வண்டிகளாவது நிற்கும். கடல் ஒருவனை வைத்துக்கொண்ட இடத்தில் இறங்க இன்று யாருக்கும் மனசில்லை. காவலுக்கு ஒரு அதிகாரி மட்டும் நிழல் தேடி நின்றிருந்தார். தண்ணீர் அசையாமல் கிடந்தது. நோலிக்கு அதைப் பார்க்கவே பிடிக்கவில்லை.

கிளாரெண்டா பிக்கப்பை ஒருமுறை சுற்றி வந்தாள். "யாராவது தொட்டீங்களா?"

"யாரும் தொடலைம்மா. ருட்சல் நேத்து காலையில ஒன்பது மணிக்கு வந்து சொன்னான். அப்போ எப்படி இருந்துச்சோ அப்படியே இருக்கு. சாவிகூட அதுலதான் இருக்கு."

இரண்டு கண்ணாடிகளும் முழுதாக இறங்கியிருந்தன. நோலிக்கு அதில் விசேஷமாக எதுவும் படவில்லை. திருடன் கண்ணாடியை உடைக்காமல் இருக்க, இந்தத் தீவில் கரையோரம் நிற்கிற எந்த வண்டியும் அப்படித்தான் நிற்கும்.

"நோலி, கீழ படுத்து வண்டிக்கு அடியில மண்ணைப் பாரு."

"என் வயித்தை வெச்சுக்கிட்டா?" என்று முனகிக்கொண்டே படுத்தான். வெள்ளை மண் அம்மைத் தழும்பு மாதிரி புள்ளி புள்ளியாகக் குழிந்து காய்ந்திருந்தது. "மழைத்துளி விழுந்த தடம் அக்கா. நேத்து காலையில ஏழு மணிக்கு ஒரு அடி அடிச்சுதே, அந்த மழை. என் கையில இருந்த பஸ்தேச்சிப் பலகாரம் நனைஞ்சு கூழாப் போச்சு, ஒரு வாய்கூடத் திங்கல."

"அதுக்கு முன்னாடி?"

"மூணு வாரமா சொட்டுத் தண்ணி இல்லையே!" சொன்ன பிறகுதான் அவனுக்கு உறைத்தது. வண்டி ஆறு மணிக்கே இங்கே நின்றிருந்தால், அதன் வயிற்றுக்கு அடியில் மழை எப்படி விழும்? எழுந்திருக்க முயன்று தலையை இடித்துக்கொண்டான்.

கிளாரெண்டா அதற்குள் கைப்பிடியைச் சுற்றி இரண்டு கண்ணாடிகளையும் ஏற்றி மூடியிருந்தாள். அதிகாரியிடம் ஏதோ தாழ்வாகப் பேசினாள். அவர் தலையாட்டி ஃபோனை எடுத்தார்.

அரை மணியில் ருட்சல் வந்தான். சிவந்த கண்கள், சவரம் செய்யாத முகம். இஜபெலை அவன் நிமிர்ந்து பார்க்கவில்லை.

"ருட்சல், ஒரு சின்ன உதவி," என்றாள் கிளாரெண்டா. "படகிலேர்ந்து பாத்தப்போ வண்டி எப்படி நின்னுச்சுன்னு எனக்குப் புரியணும். ஒரு சுத்து சுத்தி வந்து அதே மாதிரி நிறுத்து."

"இதுல என்ன இருக்கு?" என்று ஏறினான். வண்டி சாலை வரை போய்த் திரும்பி, மஞ்சள் கல்லுக்குப் பக்கத்தில் வந்து நின்றது. இன்ஜின் அணைந்தது. ருட்சல் தன் பக்கத்துக் கைப்பிடியைச் சுற்றினான். பிறகு இருக்கையின் குறுக்கே சாய்ந்து, மறுபக்கத்துக் கண்ணாடியையும் கடைசி வரை இறக்கினான். இறங்கிக் கதவைச் சாத்தினான். "இப்படித்தான் நின்னுச்சு."

"கண்ணாடிய ஏன் இறக்கின?" என்றாள் கிளாரெண்டா.

"எதை?" ருட்சல் திரும்பிப் பார்த்தான். பிறகு தன் கையைப் பார்த்தான்.

"தப்பில்ல. நான் நிறுத்தினாலும் இறக்கியிருப்பேன், நோலியும் இறக்கியிருப்பான். பொறந்ததிலேர்ந்து நம்ம கை செய்யற வேலை. ஆனா ஆட்டுக்குப் பயந்து யோஸ்ட் ஒருநாளும் இறக்க மாட்டான். இந்த வண்டிய இங்க கொண்டாந்தது அவன் இல்ல, நம்ம ஆள் ஒருத்தன். அதுவும் மழைக்கு அப்புறம். அடியில மண்ணு சொல்லுது. நீ மட்டும் ஆறு மணிக்கே வண்டியையும் யோஸ்டையும் பாத்தேங்கிற."

"எனக்கு மணி சரியா..."

"மணிய விடு. மழைக்கு அப்புறம் வந்த வண்டியிலேர்ந்து, மழைக்கு முன்னாடி யோஸ்ட் எப்படிப்பா இறங்கினான்? ஆமை வெட்டினவன் படம் அவன்கிட்ட இருந்துச்சு. படத்துல இருக்கறது நீதானே?"

ருட்சல் மெதுவாக மண்ணில் உட்கார்ந்தான். "கேமராவத்தான் புடுங்கினேன்," என்றான். "அவன் விடல."

"இப்ப யோஸ்ட் எங்க?"

ருட்சலின் முகம் கிழக்கே திரும்பியது. நோலிக்கு அது போதுமாக இருந்தது. கிழக்குக் கரையில் காற்றும் அலையும் ஓய்வதில்லை. அங்கே கடலில் போடுகிற எதையும் கடல் திருப்பிக் கரையில் கொண்டுவந்து போட்டுவிடும். நாளைக்கோ மறுநாளோ யோஸ்டும் வருவான்.

அதிகாரி ருட்சலைக் கைபிடித்து எழுப்பினார். "மிஷின் சீலை இன்னைக்கே எடுத்துடறோம்," என்று இஜபெலிடம் சொல்லிவிட்டு அவனைக் கூட்டிக்கொண்டு போனார்.

இஜபெல் அழுதுகொண்டே நின்றாள்.

"அதான் முடிஞ்சுதே கண்ணு, உன் காத்துல ஒண்ணுமில்லையே," என்று அவள் தோளைத் தொட்டான் நோலி. "இன்னும் ஏன் அழற?"

"நேத்து பூரா மிஷின் பக்கத்துலயே உக்காந்து மோந்து மோந்து பாத்தேன் நோலி," என்றாள் இஜபெல். "சாயங்காலம் எனக்கே எண்ணெய் வாடை அடிக்க ஆரம்பிச்சுடுச்சு."