ஒட்டாத ஒட்டு

"கொலையா, விபத்தா? உங்க மெஷின்தான் சார் சொல்லணும்!"

போனில் இன்ஸ்பெக்டர் ரேணுகா சொன்னதும் சுதாகர் தலைமுடியைக் கோதிக்கொண்டான். மிச்சம் இருந்த பதினேழு முடியையும்!

மறைமலைநகரில் சின்ன டெஸ்டிங் லேப். எந்தத் திரவம் எவ்வளவு கெட்டி, எப்படி ஒழுகும் என்று அளந்து சொல்வது அவன் உத்தியோகம். பத்து வருஷமாக விளக்கியும் மாமனாருக்கு ஏறவில்லை. 'மாப்பிள்ளை பசை காய்ச்சறார்' என்றுதான் ஊரில் சொல்லிக்கொண்டிருக்கிறார்.

இன்று... போலீஸ் கேஸ்!

அரை மணி நேரத்தில் ரேணுகா வந்துவிட்டார். கையில் ஒரு பசை டப்பா. பின்னாலேயே லட்சுமணன்... மாமல்லபுரம் பக்கத்துக் குப்பத்து மீனவன்.

"செத்தது இவரோட படகுக் கூட்டாளி தாண்டவராயன். ஃபைபர் படகு அடியில விரிசல். இந்தப் பசை போட்டு ஒட்டியிருக்காங்க. நேத்து அவர் மட்டும் தனியா போயிருக்கார். நடுக்கடல்ல ஒட்டு பிஞ்சிடுச்சு! நீந்த முடியாம வலை காலைச் சுத்திக்கிச்சு..."

லட்சுமணன் மூக்கை உறிஞ்சினான்.

"கடல் வாரிகினு பூட்ச்சு சார். பசை மேல தப்பே இல்ல. நான்தான் ஒட்டுனேன். மீதி அந்த டப்பால கீது. நீயே பாத்துக்க."

"அவர் சம்சாரம் ஆதியம்மாள் நம்பலை" என்றார் ரேணுகா. "பசை சுத்தமா இருந்தா, விபத்துன்னு ஃபைலை மூடிடுவேன்."

சுதாகர் வெள்ளைக் கோட்டை மாட்டினான். பட்டன்கள் ஒன்று தள்ளி ஏறின. ஒரு சொட்டுப் பசையை இரண்டு வட்டத் தட்டுகளுக்கு நடுவே வைத்தான்.

"மேல் தட்டு சுத்தும் மேடம். பசை எவ்வளவு முரண்டு பிடிக்குதோ, அதை மெஷின் கோடா போட்டுக் காட்டும்."

கம்ப்யூட்டரில் கோடு விரிந்தது.

சுதாகரின் கண்களும் விரிந்தன!

"மேடம்... இது பசையே இல்ல! ரசம் மாதிரி ஒழுகுது! யாரோ பெயின்ட் தின்னர் கலந்திருக்காங்க!"

"இன்னா சார் உடான்ஸ் வுடுறே?" லட்சுமணன் எகிறினான். "இது காலைல வாங்குன புது டப்பா! தின்னர் ஊத்துன டப்பாவத்தான் கடல்ல கடாசிட்டனே...!"



லட்சுமணன் தன் வாயைத் தானே பொத்திக்கொண்டான். லேட்!

ரேணுகாவின் கை அவன் சட்டைக் காலரில் இருந்தது.

"ஏன்டா செஞ்சே?"

"நான் எஞ்சின் திருடுனத பஞ்சாயத்துல சொல்வேன்னு நின்னான்மா..." சுவரோடு சரிந்து உட்கார்ந்தான்.

வாசலில் நின்ற கான்ஸ்டபிள்கள் அவனை ஜீப்பில் ஏற்றினார்கள். ரேணுகா கை குலுக்கினார். சுதாகருக்கு நெஞ்சு நிமிர்ந்து, கோட்டில் இரண்டு பட்டன் தெறித்தது.

அப்போது அசிஸ்டென்ட் சங்கவி அவன் காதருகே குனிந்தாள்.

"சார்... மெஷின் இப்பதான் வேலையை முடிச்சுது. நீங்க பாத்தது காலைல நான் டெஸ்ட் பண்ண ஷாம்பூவோட கிராஃப்!"

சுதாகருக்கு முதுகெல்லாம் வேர்த்தது. சரியான ஃபைலைத் திறந்தான்.

பசை... அப்பழுக்கில்லாத பசை! இதை முதலில் காட்டியிருந்தால் 'விபத்து' என்று கேஸ் முடிந்திருக்கும். லட்சுமணன் இந்நேரம் வீட்டில் மீன் குழம்பு சாப்பிட்டுக்கொண்டிருப்பான்!

மறைக்க மனசு வரவில்லை. ஜீப் வரைக்கும் ஓடிப்போய் எல்லாவற்றையும் ஒப்பித்தான்.

ரேணுகா அவனை மேலும் கீழும் பார்த்தார்.

"அது என்ன ஷாம்பூ சார்? ஸ்டேஷனுக்கு ரெண்டு பெட்டி வேணும்!"