பதினாறுக்கும் பதினெட்டுக்கும் நடுவே

பால்வண்டி பதினாறாம் எண் வீட்டின் முன் நின்று இரண்டு பொட்டலங்களை இறக்கியது. அடுத்துப் பதினெட்டாம் எண் வீட்டின் முன் நின்றது. நடுவில் இருந்த பெரிய மாடி வீட்டின் வாசலில், வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு தூக்குவாளியோடு காத்திருந்த கிழவரை அது ஒரு பொருட்டாகவே மதிக்கவில்லை. அவர் ஓடிப்போய் வழிமறித்தார். ஆளில்லாத வண்டி என்றாலும் மரியாதை தெரிந்த வண்டி. அவர் விலகும்வரை பொறுமையாக நின்றது. பிறகு தன் பாட்டுக்குப் போய்விட்டது.

எதிர்ச் சாரியில் புங்கமரத்தடியில் நின்று இதைப் பார்த்த கிருபைமணிக்கு வயிறு குளிர்ந்தது. இன்றோடு ஒன்பதாம் நாள். முதல் நாள் மின்சாரம் நின்றது. மறுநாள் குழாயில் தண்ணீர் நின்றது. நான்காம் நாள் குப்பை வண்டி கண்டுகொள்ளாமல் போனது. அவர் எங்கே அழைத்தாலும், ‘நீங்கள் குறிப்பிடும் முகவரி மாபடத்தில் இல்லை’ என்று ஒரு இனிமையான குரல் சொல்லிக்கொண்டிருந்தது.

மாபடம் என்பது ஒற்றைப் படமல்ல. ஒன்றன்மேல் ஒன்றாக விரித்த நாற்பத்துச் சொச்சம் படலங்கள். குடிநீருக்கு ஒரு படலம், மின்கம்பிக்கு ஒன்று, பயிர்நோய்க்கு ஒன்று, கொசு எங்கே பெருகுகிறது என்பதற்குக்கூட ஒன்று. மருத்துவமனை முதல் மடைவாய் வரை எல்லாம் அதைப் பார்த்துத்தான் இயங்கின. தானோடி வண்டிகள் வழிதவறி இரண்டு திருவிழாக் கூட்டங்களுக்குள் புகுந்த பிறகு, மாபடத்தில் இல்லாத இடத்துக்கு எந்த இயந்திரமும் போகக் கூடாது என்று சட்டம் வந்தது. நல்ல எண்ணத்தில் போட்ட சட்டம்தான்.

அந்த மாபடத்துக்கு ஒருகாலத்தில் இயக்குநராக இருந்தவர்தான் தூக்குவாளியோடு நின்ற திருமலைக்கொழுந்து.

ஏழு வருடங்களுக்கு முன், உப்பளத் தொழிலாளர்கள் குடியிருந்த வெள்ளைமணலின் நாற்பத்தொரு வீடுகளையும் அவர் ஒரே கையெழுத்தில் ‘ஆளற்ற உவர்நிலம்’ ஆக்கினார். வெள்ளம் வந்தால் அதை எங்கே திருப்புவது என்று முடிவு செய்யும் மடைக்கணினிக்கு ஒரு காலியிடம் தேவைப்பட்டது. இல்லாவிட்டால் துறைமுக நகரியத்துப் பங்களாக்கள் நனையும். அந்தப் பங்களாக்களில் ஒன்று அவருடையது. ஐப்பசி மழையில் ஆறு பெருகியபோது மடைக்கணினி தன் கடமையைச் செய்தது. ஆளில்லாத நிலம் என்று நம்பி வெள்ளைமணல் பக்கம் மடையைத் திறந்தது.

எட்டுப் பேர் செத்தார்கள். கிருபைமணியின் தங்கை ஜெபராணி உப்புக் கொட்டகையின் கூரைமேல் ஏறி, சேலைத் தலைப்பை வீசிக்கொண்டு இரண்டு மணி நேரம் நின்றாள். ஆபத்தில் இருப்பவரைத் தூக்கிப்போக ஆளில்லாமல் பறந்து வரும் மருத்துவப் பறவை அவள் தலைக்கு மேலேயே இரண்டு முறை பறந்தது. அதன் கணக்கில் கீழே யாரும் இல்லை. கூரை போனபோது அக்கரையில் நின்று பார்த்தவள் கிருபைமணி. ‘தரவுப் பிழை’ என்று துறை அறிக்கை விட்டது. இயக்குநருக்குப் பொன்னாடை போர்த்தி ஓய்வு கொடுத்து அனுப்பினார்கள்.

அன்றைக்குப் பிறகு கிருபைமணிக்கு அழுகை வரவில்லை. படித்தாள். தேர்வு எழுதினாள். அதே துறையில் விளிம்பாளராகச் சேர்ந்தாள். பக்கத்துப் பக்கத்து நிலங்களின் எல்லைகளைப் படத்தில் பொருத்துவதுதான் விளிம்பாளரின் வேலை. ஒன்றின்மேல் ஒன்று ஏறக் கூடாது, நடுவில் மயிரிழை இடுக்கும் இருக்கக் கூடாது. இடுக்கு விடுகிறவர்களை அலுவலகத்தில் ‘ஓட்டைப்பல்’ என்று கேலி செய்வார்கள். கிருபைமணியை யாரும் ஒருநாளும் அப்படிக் கூப்பிட்டதில்லை.

முதல் மூன்று வருடம் அவள் ஒரு காரியம்தான் செய்தாள். குடியிருப்பவர்களின் கைரேகை வாங்கி, வெயிலில் நடந்து அளந்து, வெள்ளைமணலை வீடு வீடாக மாபடத்தில் திரும்ப ஏற்றினாள். நாற்பத்தொன்றும் ஏறியாயிற்று. மடைக்கணினிக்கு இப்போது அங்கே ஆள் இருப்பது தெரியும். அதன் பிறகுதான் இரண்டாவது காரியத்தில் கை வைத்தாள்.

திருமலைக்கொழுந்தின் பதினேழாம் எண் வீட்டை மாபடத்திலிருந்து அழித்தாள். அழித்ததும் திரையில் அறுபதடி அகலத்துக்கு ஒரு வெற்றிடம் பல்லை இளித்தது. அதை அப்படியே விட்டிருக்கலாம். இடுக்கு விட அவள் கை ஒப்பவில்லை. பதினாறின் எல்லையை இந்தப் பக்கமிருந்து இழுத்தாள், பதினெட்டின் எல்லையை அந்தப் பக்கமிருந்து இழுத்தாள், நடுவில் இரண்டையும் மூட்டினாள். அவள் செய்ததிலேயே சுத்தமான வேலை அதுதான். வெள்ளிக்கிழமைதோறும் எல்லாத் துறைப் படலங்களையும் ஒப்பிடும் ஒத்திசைவில் அது தடையில்லாமல் தேறி, முத்திரை விழுந்தது.

கிழவர் வெறும் வாளியோடு திரும்பியபோது கிருபைமணி தெருவைக் கடந்து அவர் முன்னால் போய் நின்றாள்.

“யாரும்மா நீ? தினம் அங்கன நின்னு பாத்துக்கிட்டு இருக்கே?”

“வெள்ளைமணல். கேள்விப்பட்டிருக்கீயளா?”

அவர் முகம் மாறியது. மாபடத்தைக் கட்டியாண்ட மனிதருக்கு மிச்சத்தை யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

“நீ விளிம்பாளரா?” என்று மெல்லக் கேட்டார்.

“ஆமா.”

“எனக்கு எழுவத்தோரு வயசு. நெஞ்சுல கோளாறு இருக்கு. ராத்திரி ஏதாச்சும் ஆச்சுன்னா மருத்துவப் பறவை வராது, தாயி.”

“வராது. வந்தாலும் மேல சுத்திட்டுப் போயிரும். எந்தங்கச்சிக்குப் போன மாதிரி.”

அவர் இரண்டு கைகளையும் கூப்பினார். கிருபைமணி அதை நிதானமாகப் பார்த்தாள். ஏழு வருடம் காத்திருந்து பார்க்கிற காட்சி, அவசரப்படுவானேன்? ஆசை தீரப் பார்த்துவிட்டு நடையைக் கட்டினாள். அன்று மத்தியானம் இரண்டு தட்டுச் சோறு சாப்பிட்டாள்.

ஒரு மாதம் அப்படிப் போனது. அதன் பிறகு, யாருமே நம்பிக்கை வைத்திராத விசாரணை ஆணையம் திடீரென்று கண்விழித்தது. திருமலைக்கொழுந்து வேண்டுமென்றே படத்தைத் திருத்தினார், எட்டு சாவுக்கும் அவரே பொறுப்பு என்று அறிக்கை வந்தது. நீதிமன்றம் அவரைக் கைது செய்யச் சொன்னது. வெள்ளைமணலில் வெடி போட்டார்கள். கிருபைமணி அன்றைக்குத்தான், ஏழு வருடத்தில் முதல்முறையாக, அழுதாள்.

மூன்றாம் நாள் காலையில் காவல் உதவி ஆய்வாளர் உமையொருபாகம் வியர்க்க விறுவிறுக்க அவள் மேசை முன் வந்து உட்கார்ந்தார்.

“மேடம், இது என்ன கூத்து? வண்டி அந்தத் தெருவுக்குள்ள போவுது, பதினேழுக்குப் போன்னா முழிக்கு. சரி, நடந்தே போவோம்னு போனோம். அவரு வீட்டுக்குள்ளதான் கால்மேல கால் போட்டு உக்காந்திருக்காரு. கைதுக்கருவிய நீட்டினா, நாங்க பதினாறாம் நம்பர் வீட்டு வளாகத்துல நிக்கோம்ங்கு. நாலடி தள்ளி நின்னா பதினெட்டுங்கு. பதினேழுன்னு ஒரு எழவு இடமே இல்ல!”

“கருவிய விட்டுட்டுக் கையால பிடிச்சுக் கூட்டிட்டு வரலாமே?”

“கருவி இடம் பதியாத கைது செல்லாது மேடம். நாளைக்கே வெளிய விட்டுருவாவ. பதினாறாம் நம்பர்காரரு வேற, என் வளாகத்துக்குள்ள வாரண்டு இல்லாம எப்படி வந்தீயன்னு புகார் குடுத்திருக்காரு. அங்க ஒரு இத்துனூண்டு இடுக்கு இருந்தாக்கூடப் போதும், ‘பெயரிடாத நிலம்’னு போட்டு ஆளத் தூக்கிருவேன். ஒரு நூல் இடுக்குகூட இல்லையே! எவன் பாத்த வேலையோ, கைய ஒடிக்கணும்.”

கிருபைமணி மேசைக்கு அடியில் தன் கையை இறுகப் பிடித்துக்கொண்டாள்.

அவர் போனதும் சட்டப் புத்தகத்தை எடுத்தாள். இல்லாத வீட்டைப் புதிதாக ஏற்ற வேண்டுமானால், குடியிருப்பவரின் கைரேகை வேண்டும். கைதுக்குப் பயந்து அவர் இனி எந்தக் காலத்திலும் வைக்கமாட்டார். முத்திரை விழுந்த மாற்றத்தைத் திரும்பப் பெற இன்னொரு வழி இருந்தது. மாற்றியவரே வாக்குமூலம் கொடுக்க வேண்டும். சிறை என்றால் அவள் யோசித்திருக்கவே மாட்டாள். அதற்கடுத்த வரிதான் அவளை நிறுத்தியது: வேண்டுமென்று பொய் வரைந்த விளிம்பாளர் அதுவரை செய்த எல்லாப் பதிவுகளும் அன்றே ரத்தாகும், மறு அளவை முடியும்வரை பழைய நிலையே செல்லும்.

எல்லாப் பதிவுகளும் என்றால் வெள்ளைமணலின் நாற்பத்தொரு வீடுகளும். மறு அளவைக்கு இரண்டு வருடம் ஆகும். ஐப்பசி பிறக்கப் பதினோரு நாள் இருந்தது.

அன்று சாயங்காலம் மறுபடியும் கிழவர் இருந்த பவளத் தெருவுக்குப் போனாள். வீட்டு முகப்பில் வெயில்தகடுகள் பளபளத்தன. பின்புறம் யாரோ கிணற்றில் தண்ணீர் இறைக்கும் சத்தம் கேட்டது. திருமலைக்கொழுந்து சாய்வு நாற்காலியில் இருந்தார். முன்பைவிடச் சதை போட்டிருந்தார்.

“வாம்மா. உன்னயத்தான் நெனச்சுக்கிட்டு இருந்தேன். காப்பி குடிக்கியா? பதினெட்டாம் வீட்டுச் சமையக்காரம்மா மதில் வழியா எல்லாம் குடுத்திருது.”

“வெளிய வந்துதான ஆகணும்? வந்தா பிடிச்சிருவாவ.”

“வரமாட்டேனே. இந்த வயசுல எங்க போவப் போறேன்? ஊர்ல உள்ள பெரிய வக்கீலெல்லாம் சேந்தாலும் எனக்கு இப்படி ஒரு இடம் பண்ணித் தந்திருக்க முடியாது. என்ன வேலைப்பாடு! நானே சர்வீஸ்ல இருந்திருந்தா உனக்குப் பதவி உயர்வு குடுத்திருப்பேன்.”

அந்தக் கழுத்தை நெரித்தால் என்ன என்று அவளுக்குத் தோன்றியது. உண்மையாகவே தோன்றியது. இரண்டடி எட்டி வைத்தாள்.

“செய்யி,” என்றார் அவர், அசையாமல். “விசாரணை வரும். ஏன் கொன்னான்னு தோண்டுவாவ. ஒன் பதிவ எல்லாம் புரட்டுவாவ. பொறவு வெள்ளைமணல் என்னாவும்னு ஒனக்கே தெரியும்.”

அவள் நின்றாள்.

“இன்னொண்ணு சொல்லுதேன், கேட்டுக்கோ. தெருவுல போற வண்டியெல்லாம் மதிலு நீளத்த அளந்துக்கிட்டே போவும். படத்துல உள்ள நீளமும் மதிலும் முப்பது அடி இடிக்குன்னு வாராவாரம் ஒத்திசைவுல ஒரு கேள்வி எழும்பும். இந்த வட்டாரத்துக்கு விளிம்பாளர் யாரு?”

அவள் தலையைத் திருப்பி மதிலைப் பார்த்தாள்.

“நீதான். கேள்வி ஒங்கிட்டதான் வரும். வந்துக்கிட்டும் இருக்கும், இல்லையா? பதில் போடாம விட்டேன்னா மேலிடத்துலேந்து ஆள் அளக்க வந்துருவான். அளந்தா ஒம் பேரு வந்துரும். அதனால வெள்ளிக்கிழம லீவு கீவு போட்டுறாத தாயி. ஒடம்ப நல்லாப் பாத்துக்கோ. நான் உசுரோட இருக்க வரைக்கும் நீயும் வேலையில இருக்கணும்.”

அவர் கேலி செய்யவில்லை. மனதாரத்தான் சொன்னார். அதுதான் அவளுக்கு ஆறவில்லை.

ஐப்பசியின் முதல் வெள்ளிக்கிழமை வானம் காலையிலேயே இருட்டிக் கிடந்தது. மேற்கு மலையில் நல்ல மழை, ஆற்றில் தண்ணீர் ஏறுகிறது என்று தகவல் வந்தது. பத்து மணிக்கு ஒத்திசைவு தொடங்கியது. பத்தரைக்கு அவள் திரையில் கேள்வி எழுந்தது: பவளத் தெரு, பதினாறு, பதினெட்டு எண்களின் மதில் நீளம் பொருந்தவில்லை, காரணம் தருக.

பக்கத்து மேசைக்காரி எட்டிப் பார்த்தாள். “என்னக்கா, இந்த ஒரு கேள்வி வாராவாரம் ஒங்களுக்கே வருது?”

“மதிலு பழசு. சாஞ்சு கெடக்கு,” என்றாள் கிருபைமணி.

ஜன்னலுக்கு வெளியே மழை பிடித்துக்கொண்டது. மடைக்கணினி அந்த நேரத்தில் மாபடத்தைப் புரட்டி, வெள்ளைமணலில் நாற்பத்தொரு வீடுகள் இருக்கின்றன என்று கண்டு, மடையை வேறு பக்கம் திருப்பிக்கொண்டிருக்கும். கிருபைமணி தங்கையைக் கொன்றவனின் வீட்டுக்கு இருபுறமும் இருந்த எல்லைகளைப் பெரிதாக்கிப் பார்த்தாள். எங்கும் இடுக்கு இல்லை என்று உறுதி செய்துகொண்டாள். பிறகு, ‘நேரில் சரிபார்க்கப்பட்டது’ என்று எழுதி, கட்டைவிரலை வைத்தாள்.