மூச்சு முட்டிய எஞ்சின்

இரண்டு வருடமாகக் கொட்டிலின் மூலையில் சாக்கு மூடிக் கிடந்த எஞ்சினை அப்பா வெளியே தூக்கி வந்த அன்று, வீட்டில் எல்லோருக்கும் சந்தோஷம். ஆரபி மட்டும் கிட்டப் போகவில்லை.

ஆரபிக்குப் பதினொரு வயது. அவளுக்குப் பல்லிக்குப் பயமில்லை, இருட்டுக்குப் பயமில்லை, கணக்கு வாத்தியாருக்குக்கூட அவ்வளவாகப் பயமில்லை. அந்த எஞ்சினுக்குத்தான் பயம்.

பயப்படக் காரணம் இருந்தது. இரண்டு வருடத்துக்கு முன்பு, இதே எஞ்சின் அப்பாவின் படகில் பூட்டியிருந்தபோது நடுக்கடலில் நின்றுபோனது. அவர்களுடைய ஊர் யாழ்ப்பாணத்தின் வடக்குக் கரையில் இருக்கிறது. அங்கே ஆவணி மாதத்தில் சோளகக் காற்று அடிக்கும். கரையிலிருந்து கடலை நோக்கித் தள்ளுகிற காற்று அது. அப்பாவின் படகையும் அது தள்ளிக்கொண்டு போனது. ஒரு பகலும் இரண்டு இரவும் ஆள் எங்கே என்றே தெரியவில்லை. அந்த நேரம் முழுவதும் அம்மா அடுப்பு மூட்டவில்லை. பிறகு வேறு படகுக்காரர்கள் கண்டு கட்டி இழுத்து வந்தார்கள். உதடு வெடித்து, குரல் அடைத்து, இருவர் தாங்கிப் பிடிக்க இறங்கி வந்தவரை ஆரபிக்கு அடையாளமே தெரியவில்லை.

அதற்குப் பிறகு அப்பா மற்றவர்களுடைய படகில் மீன்பிடித் தொழிலுக்குப் போனார். எஞ்சின் சாக்குக்குள் போனது. ஆரபி படகில் கால் வைப்பதையே விட்டுவிட்டாள்.

ஆனால் சொந்தப் படகு வைத்திருக்கிறவருக்கு அடுத்தவர் படகில் எத்தனை நாள்தான் மனம் ஒட்டும்? பள்ளிக்கூடம் விடுமுறை விட்டதும் அப்பா முற்றத்தில் உட்கார்ந்து எஞ்சினைக் கழற்றத் தொடங்கினார். மேல்மூடியைத் திறந்தால் உள்ளே எலி கூடு கட்டிக் குடும்பம் நடத்திக்கொண்டிருந்தது. ஆறு வயதுத் தம்பி கிருஷாந் கழற்றிய ஆணிகளை எல்லாம் பால்மாத் தகரப் பேணியில் போட்டு, மணிக்கு ஒரு தரம் எண்ணிப் பார்த்தான். அப்பா துருவைச் சுரண்டினார், பண்டத்தரிப்புக்குப் போய்ப் புது பிளக் வாங்கி வந்தார், எல்லாவற்றையும் திரும்பப் பூட்டினார். நாலாம் நாள், நீர் நிரப்பிய நீலப் பீப்பாவின் விளிம்பில் எஞ்சினை மாட்டிக் கயிற்றை இழுத்தார்.

அது இருமியது. இன்னொரு தரம் இழுத்தார். தடதடவென்று ஓடத் தொடங்கிவிட்டது. பீப்பாத் தண்ணீர் மதில் வரைக்கும் பறந்தது. கோழிகள் அடுத்த வளவுக்கு ஓடிவிட்டன.

அது பெற்றோலில் பற்றி, பிறகு மண்ணெண்ணெயில் ஓடுகிற எஞ்சின். பற்றவைக்க ஒரு சோடாப் போத்தலில் கொஞ்சம் பெற்றோல். ஓடுவதற்குச் சிவப்புப் பிளாஸ்டிக் தாங்கியில் மண்ணெண்ணெய். தாங்கியின் மூடியில் ஒரு சின்னத் திருகாணி இருந்தது. அதைத் தளர்த்தினால்தான் அதன் அடியிலுள்ள துளை வழியாகத் தாங்கிக்குள் காற்றுப் போகும் என்று அப்பா கிருஷாந்துக்குக் காட்டினார்.

"உந்தத் திருகாணியைத் திறக்க மறந்தியெண்டால் எஞ்சினுக்கு மூச்சு முட்டிப்போகும்."

கேட்டுக்கொண்டிருந்த ஆரபியின் தலைக்குள் ஒரு யோசனை புகுந்தது. நல்ல யோசனைகள் எல்லாம் வாசலில் நின்று தட்டிவிட்டுத்தான் வரும். இது தட்டாமல் வந்தது.

மத்தியானம் எல்லோரும் சாப்பிட்டுக் கண்ணயர்ந்த நேரம், அவள் தம்பியின் சூயிங்கம் ஒன்றை எடுத்து வாயில் போட்டு நன்றாக மென்றாள். திருகாணியை முழுவதும் கழற்றினாள். சூயிங்கத்தைத் துளைக்குள் அமுக்கி அடைத்துவிட்டு, திருகாணியைப் பழையபடி பூட்டினாள். இனி அப்பா எத்தனை தரம் தளர்த்தினாலும் காற்றுப் போகாது. எஞ்சின் பற்றாது. நாலைந்து தரம் இழுத்துப் பார்த்து அலுத்துப்போய், மறுபடி சாக்கைப் போர்த்திவிடுவார். அவ்வளவுதான்.

பின்னேரம் படகைத் தள்ளினார்கள். விடிந்தால் தொழிலுக்குப் போக வேண்டும். அதற்கு முன்பு ஒரு சுற்று ஓடிப் பார்க்க வேண்டும் என்பது அப்பாவின் எண்ணம். திருகாணியைத் தளர்த்தினார். கயிற்றை இழுத்தார்.

முதல் இழுப்பிலேயே பற்றிக்கொண்டது.

தாங்கிக்குள் ஏற்கெனவே கொஞ்சம் காற்று இருக்கும் என்பதை ஆரபி யோசிக்கவேயில்லை. குளத்தில் மூச்சை அடக்கி மூழ்குகிற பிள்ளை உடனே மூச்சு முட்டிவிடாது. கொஞ்ச நேரம் போகும். இந்த எஞ்சினும் கொஞ்ச நேரம் ஓடும். ஓடிப்போய்க் கடலுக்குள் நிற்கும். சோளகம் அடித்துக்கொண்டிருந்தது.

சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தாள். அப்பாவின் முகத்தில் இரண்டு வருடமாகக் காணாத சிரிப்பைக் கண்டதும் வேறொன்றுதான் வெளியே வந்தது.

"அப்பா, நானும் வாறன்."

படகின் நிழலுக்குக்கூட ஒதுங்கி நின்ற பிள்ளை, தானாகக் கேட்டுவிட்டது. அப்பாவுக்குத் தலைகால் புரியவில்லை. மிதவைச் சட்டையை அவளுக்கு அணிவித்து, தூக்கிப் படகில் விட்டார். கனடாவில் இருக்கும் மாமாவுக்கு அனுப்ப வேண்டும் என்று அம்மா அப்பாவின் கைத்தொலைபேசியை வாங்கி வீடியோ எடுக்கத் தொடங்கினாள்.

தாங்கிக்குப் பக்கத்தில் இருந்து, அப்பா பார்க்காத நேரம் கொண்டை ஊசியால் சூயிங்கத்தைத் தோண்டிவிடலாம் என்பது ஆரபியின் கணக்கு. அந்தக் கணக்கும் பிழைத்தது. தாங்கி இருந்தது பின்னால், அப்பாவின் காலடியில். அப்பா அவளை முன்பக்கம் இருத்தி, எழும்பக் கூடாது என்றார்.

படகு பாய்ந்தது. கரையோரத்துப் பச்சைத் தண்ணீர் முடிந்து கருநீலம் வந்தது. அம்மா ஒரு விரலளவு ஆனாள். ஆரபி இரண்டு கையாலும் விளிம்பைப் பிடித்துக்கொண்டு எஞ்சின் சத்தத்தை மட்டுமே கேட்டாள். நிற்காதே, நிற்காதே என்று உள்ளுக்குள் கெஞ்சினாள்.

சத்தம் மெலிந்தது. எஞ்சின் இருமியது. நின்றுவிட்டது.

இப்போது காற்றின் சத்தம் மட்டும்தான். படகு மெல்லத் திரும்பி, முதுகைக் கரைக்குக் காட்டிக்கொண்டு வெளியே நகரத் தொடங்கியது.

அப்பா முதலில் திருகாணியைப் பார்த்தார். அது திறந்துதான் இருந்தது. பெற்றோல் ஊற்றி இழுத்தார். பற்றியது, மண்ணெண்ணெய்க்கு மாற்றியதும் செத்தது. மறுபடி ஊற்றினார். மறுபடி செத்தது. பிளக்கைக் கழற்றித் துடைத்துப் பூட்டினார். இன்னும் ஒரு தரம். இல்லை. சவள் துடுப்பை எடுத்து வலித்துப் பார்த்தார். அவர் ஒரு பாகம் முன்னே தள்ள, காற்று இரண்டு பாகம் பின்னே தள்ளியது. மற்றப் படகுகள் எல்லாம் காலையிலேயே கரை ஏறிவிட்டன. கைத்தொலைபேசியோ அம்மாவிடம்.

பயந்து போன மனிதருக்கு மூடியை முழுவதும் கழற்றிப் பார்க்க வேண்டும் என்று தோன்றவில்லை. எஞ்சினின் பழைய கோளாறு திரும்பி வந்துவிட்டதாகவே அவர் நினைத்தார். அவர் கையிலிருந்த, பிளக் கழற்றும் சாவி நழுவிப் படகுக்குள் விழுந்தது. குனிந்து எடுத்தவர் அதை மறுபடியும் நழுவவிட்டார். அப்பா சாவியை நழுவவிட்டு ஆரபி ஒருநாளும் கண்டதில்லை.

சோடாப் போத்தலின் அடியில் ஒரு விரல் உயரத்துக்குத்தான் பெற்றோல் இருந்தது. ஒரே ஒரு தரம் பற்றவைக்கலாம். அப்பா போத்தலின் மூடியைத் திருகினார்.

"ஊத்தாதேங்கோ அப்பா."

அப்பா நிமிர்ந்தார்.

"நான்தான் செய்தனான். காத்துப் போற ஓட்டைக்குள்ளை சூயிங்கம் வைச்சு அடைச்சுப்போட்டன்." சொல்லும்போதே அவளுக்கு அழுகை வந்துவிட்டது. "எஞ்சின் பத்தாது எண்டுதான் நினைச்சன். பத்தாட்டி நீங்கள் போகமாட்டியள்தானே."

அப்பா போத்தலைத் திரும்ப மூடினார். திட்டப் போகிறார் என்று ஆரபி கண்ணை மூடினாள். திட்டு வரவில்லை. பின்னால் வரும்படி கையைக் காட்டினார். அவள் குனிந்து, பலகைகளைப் பிடித்துப் பிடித்துத் தவழ்ந்து போனாள்.

பின்னலிலிருந்து கொண்டை ஊசியை உருவினாள். அப்பா திருகாணியைக் கழற்றிப் பிடித்தார். படகு ஆடியது, ஊசி இரண்டு தரம் வழுக்கியது. மூன்றாம் தரம் ரோஸ் நிறச் சூயிங்கம் நூலாக இழுபட்டு வெளியே வந்தது. 'ஸ்ஸ்' என்று தாங்கி காற்றைக் குடித்தது. உட்சுருங்கிக் கிடந்த அதன் வயிறு 'டொக்' என்று நிமிர்ந்தது.

அப்பா மிச்சப் பெற்றோலை ஊற்றினார். போத்தல் காலி. கயிற்றைக் கையில் சுற்றிக்கொண்டு அவளைப் பார்த்தார்.

"எனக்கும் பயம்தான் பிள்ளை. நீயும் பிடி."

இருவரும் சேர்ந்து இழுத்தார்கள்.

பற்றியது. அப்பா மண்ணெண்ணெய்க்கு மாற்றினார். இரண்டு பேரும் மூச்சு விடவில்லை. எஞ்சின் ஒரு தரம் இருமி, தொண்டையைச் சரிசெய்துகொண்டு, தடதடவென்று ஓடியது.

கரை நெருங்கி அம்மாவின் முகம் தெரிகிற அளவுக்கு வந்தபோது அப்பா வேகத்தைக் குறைத்தார்.

"இனிமேல் பயமெண்டால் என்னட்டைச் சொல்லு. எஞ்சினிட்டைச் சொல்லாதை."

ஆரபி அழுதுகொண்டே சிரித்தாள். தான் பயமில்லாதவன் போல நடித்ததுதான் தன்னுடைய பிழை என்றார் அப்பா. இனி ஒருநாளும் கைத்தொலைபேசி இல்லாமல் போவதில்லை, துணைக்கு ஆளில்லாமல் தனியே போவதில்லை என்றும் சொன்னார்.

ஏன் இவ்வளவு தூரம் போய் நின்றீர்கள் என்று அம்மா கேட்டாள். அப்பா பதில் தேடுவதற்குள் ஆரபியே எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள். அம்மா அவளை ஒரு அடி அடித்தாள், உடனே கட்டிப்பிடித்துக்கொண்டாள். கிருஷாந்துக்கு வேறு கவலை.

"அப்ப அது என்ரை சூயிங்கமோ?"

அடுத்த நாள் விடியப் புறம், அப்பாவும் துணைக்கு வந்த டினேஸ் அண்ணையும் படகில் வலை ஏற்றும்போது ஆரபி தானாக எழும்பி வந்தாள். தாங்கியின் மூடியைக் கழற்றித் திருகாணியைத் தளர்த்தினாள். துளையில் வாயை வைத்து ஊதினாள். காற்றுப் போனது. மூடியைத் திரும்பப் பூட்டினாள். இன்னும் கொஞ்சம் பயம் இருக்கத்தான் செய்தது. அதை அப்பாவிடம் சொன்னாள். அப்பா அவளுடைய தலையைத் தடவினார்.

"போயிட்டு வாங்கோ அப்பா."

வெயில் ஏறியது. கிருஷாந் புதுச் சூயிங்கத்தை யாருக்கும் கிட்டாத இடத்தில், அதாவது தன் வாய்க்குள், பத்திரப்படுத்தியிருந்தான். அம்மா இடியப்பம் அவித்துக்கொண்டிருந்தாள். கடல் பக்கமிருந்து மெல்லிய தடதடச் சத்தம் கேட்டது. அம்மா எட்டிப் பார்க்க எழும்பினாள்.

அவளுக்கு முன்பே ஆரபி படலையைத் திறந்துகொண்டு ஓடினாள். "எங்கடை எஞ்சின் அம்மா!"