இடப்பக்கம் போகும் ஒளி

தங்கை லேசர் அறைக்குள் போய் நான்கு மணி நேரம் ஆகியிருந்தபோது, வெளி அறையில் ஒளியின் அளவைக் காட்டும் மீட்டரின் முன் உட்கார்ந்திருந்த அக்காவுக்குக் கதவின் அடி இடுக்கு வழியாக ஒரு வாசனை வரத் தொடங்கியது. தூசி கருகும் வாசனை அவளுக்குப் பழக்கம். இது அது இல்லை. பெயின்ட் சூடேறி, மெல்லக் கொப்பளித்து, உரிகிறபோது வருவது. ஆனால் மீட்டரில் எண் மிகச் சிறியதாக இருந்தது. அவ்வளவு குறைந்த ஒளியில் எதுவும் கருகாது.

சுவரில் இருந்த ஸ்பீக்கர் கரகரத்தது.

“அக்கா, இன்னும் கொஞ்சம் குறையேன். சாம்பிள் பொசுங்கிடும் போல.”

அக்கா குமிழைத் திருப்பினாள். உள்ளே குட்டி மோட்டார் ஒன்று முனகி நின்றது. மீட்டரின் எண் இறங்கியது. வாசனை கூடியது.

அந்தக் குமிழால் லேசர் குறைவதில்லை. அது எப்போதும் முழு மூச்சில்தான் இருக்கும். அதன் பாதையில் நிற்கும் அட்டென்யுவேட்டர், கேட்ட அளவை மட்டும் நேரே விட்டுவிட்டு மீதியை இடப்பக்கம் தள்ளிவிடும். நேரே போவது குறையக் குறைய, இடப்பக்கம் போவது ஏறும். கண்ணுக்குத் தெரியாத ஒளி. அதை விழுங்குவதற்கென்று அங்கே ஒரு கறுப்புப் பெட்டி இருக்கும்.

பெட்டி இப்போது அக்காவின் காலடியில், அவள் பைக்குள் இருந்தது.

“இந்த வாரம் மெஷின் உன் தங்கச்சிக்குத்தாம்மா. அவ கை நிதானம்,” என்று காலையில் பேராசிரியர் சொல்லியிருந்தார். அது அக்காவின் வாரம். அவள் காத்திருந்து வாங்கிய வாரம். அடுத்த நிமிடமே அம்மாவின் போன். “சின்னவ பேரு பெரிய பத்திரிகையில வரப்போகுதாமே! நீயும் அவகிட்ட கேட்டுக் கத்துக்கயேன்டி.” ஒளியைத் திருப்பும் கண்ணாடியை எந்த விரலால் பிடிக்க வேண்டும் என்பதிலிருந்து எல்லாவற்றையும் அவளுக்குச் சொல்லிக்கொடுத்ததே அக்காதான்.

அதனால் தங்கை உள்ளே போகும் முன்பே பெட்டியைக் கழற்றி எடுத்து வந்துவிட்டாள். தங்கை கவனிப்பாள், வந்து நிற்பாள், ‘குடேன்க்கா’ என்று கெஞ்சுவாள். இரண்டு தடவை கெஞ்சவிட்டுக் கொடுக்கலாம். நினைத்தது அவ்வளவுதான். தங்கை கவனிக்கவில்லை. பாட்டை முணுமுணுத்துக்கொண்டே லேசரைப் போட்டுவிட்டாள்.

“என்னக்கா, சத்தமே காணோம்? வயிறு எரியுதா? பொசுங்குற நாத்தம் இங்க வரைக்கும் அடிக்குதே!”

ஸ்பீக்கர் முழுக்கச் சிரிப்பு. சொல்வதற்காகத் திறந்த வாயை அக்கா மூடிக்கொண்டாள்.

லேசர் டிக் டிக்கென்று அடித்துக்கொண்டிருந்தது.

“அக்கா, நான் போட்டிருக்கிற கண்ணாடி வேர்த்துப்போச்சு. ஒண்ணுமே தெரியல. பூஜ்யத்துக்குக் கொண்டு வா, கழட்டித் துடைச்சுக்கறேன்.”

லேசரின் வாயில் இருக்கும் மறைப்பை மூடிய பிறகே பாதுகாப்புக் கண்ணாடியைக் கழற்ற வேண்டும். ஆனால் மீட்டர் பூஜ்யம் காட்டினால் போதும் என்பது தங்கையின் சோம்பேறித்தனம். சொல்லலாம். ஒரு வாக்கியம். கதவைத் திறந்தாலே லேசர் தானாக நின்றுவிடும்.

அக்காவின் கை குமிழைக் கடைசி வரை திருப்பியது.

“பூஜ்யமா?”

“பூஜ்யம்.”

மீட்டர் அப்படித்தான் சொன்னது.

டிக். டிக். துணியால் துடைக்கும் ஓசை. பிறகு அதுவும் நின்றது.

“அக்கா, இரும்பு அலமாரி புகையுது. பெயின்ட் உரிஞ்சு உள்ள பளபளன்னு இருக்கு. இரு, பாத்துட்டு வரேன்.”

செருப்புச் சத்தம். இடப்பக்கமாக.

அக்கா எழுந்தாள். கதவின் கைப்பிடி சில்லென்று இருந்தது.

“என் இடது கண்ணுக்குள்ள ‘டப்’புன்னு ஏதோ வெடிச்ச மாதிரி இருந்துச்சுக்கா. வலிக்கல. என்னன்னு கிட்டப் போய்ப் பாக்கறேன்.”

கைப்பிடியை அழுத்த வேண்டும். அழுத்தவில்லை. ஒரு மூச்சு. இன்னொன்று.

ஸ்பீக்கரில் பேச்சு இல்லை.

டிக்.

அழுத்தினாள். லேசர் நின்றது. அந்த அமைதி காதை அடைத்தது.

தங்கை அலமாரியின் முன் நின்றிருந்தாள். கதவுச் சத்தம் கேட்டுத் திரும்பினாள். அக்காவுக்கு ஒரு சாண் தள்ளி, வெறும் சுவரைப் பார்த்துச் சிரித்தாள். கண்கள் இரண்டும் அகலத் திறந்திருந்தன. இமைக்கவில்லை. கையில் துடைத்த கண்ணாடி.

“நீயாக்கா? கரன்ட் போயிடுச்சா? கும்மிருட்டா இருக்கு.”

கையை நீட்டித் துழாவினாள். விரல்கள் அக்காவின் முகத்தைத் தொட்டன. மூக்கு. ஈரக் கன்னம்.

“ஏன் அழற? பேசேன். விளையாடாதக்கா, லைட்டைப் போடு.”

கூரையில் குழல்விளக்குகள் வரிசையாக இரைந்துகொண்டிருந்தன. அவற்றின் வெள்ளை வெளிச்சம் அந்த விரிந்த கண்களில் அப்படியே விழுந்துகொண்டிருந்தது.

“லைட்டைப் போடுக்கா.”

“எரியுதுடி,” என்றாள் அக்கா. “எல்லா லைட்டும் எரியுது.”